ஹெலிகாப்டருக்கு வைத்த பொட்டு

புதுவாயல் கூட்டுரோட்டில் கிரேன் என்றால் பூவராகவன்தான். இருபத்தாறு வருடத்தில் ஒரு சுமைகூட அவர் கையிலிருந்து நழுவியதில்லை. எதைத் தூக்கினாலும் முதலில் அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவார். மாதா கோயில் மணிக்கும் வைத்தார். பாதிரியார் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டார்.

இந்த மனிதரிடம் போய் வெளிநாட்டுப் போர் ஹெலிகாப்டரைத் தூக்கச் சொன்னால் என்ன ஆகும்?

கடலில் பயிற்சிக்கு வந்த ஹெலிகாப்டர் அது. என்ஜின் மக்கர் செய்ய, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் காலி மனையில் இறங்கிவிட்டது. ஆறு நாள் இரண்டு அரசாங்கங்களும் மாறி மாறிக் கடிதம் போட்டுக்கொண்டன. அனுமதியில்லாமல் அதைத் தொட்டால் அந்த நாட்டின் மீதே கை வைத்த மாதிரியாம். ஏழாம் நாள் லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்ப முடிவானது. பெல்ட் மாட்டுவது அந்த நாட்டு ஆட்கள். பூவராகவன் கிரேனைவிட்டு இறங்கவே கூடாது.

இறங்கினார். பழக்கதோஷம், வேறென்ன? ஹெலிகாப்டரின் மூக்கில் பொட்டு பளிச்சென்று சிவந்தது.

"யோவ், யாரக் கேட்டு தொட்ட?" காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர் பாய்ந்துவந்து அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். அது இல்லாமல் பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள்ளும் நுழைய முடியாது; பிழைப்பு அவ்வளவுதான்.

"கை தானா பூட்ச்சி சார்." பூவராகவன் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

"ஐயோ, மறுபடியும் தொடாதய்யா!" என்று அலறினார் டெல்லியிலிருந்து வந்திருந்த வெளியுறவு அதிகாரி மணவாளன்.

ஹெலிகாப்டரின் விமானி பொட்டைப் படமெடுத்துத் தன் நாட்டுக்கு அனுப்பினார். பிறகு, இது எதற்கு என்று மணவாளன் மூலம் கேட்டார்.

"கீழ வுழக்கூடாது. கீழ நிக்கிறவன் ஒயுங்கா ஊடு போய்ச் சேரணும். அதுக்குத்தான் சார். எந்த நாட்டுதுன்னுலாம் நான் பாக்கல."

விமானி சிரிக்கவில்லை. பூவராகவன் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். கேஸ்தான் என்று பூவராகவன் முடிவுகட்டிவிட்டார்.

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஹெலிகாப்டரைத் தொட அனுமதி பெற்றவர்களின் திருத்திய பட்டியல் அது; அன்று காலை ஆறு மணியிலிருந்தே, அதாவது பொட்டு வைப்பதற்கு முன்பிருந்தே, செல்லுமாம். மணவாளன் வாசித்தார். விமானி, இரண்டு என்ஜினியர்கள், நான்காவதாக சுப்பராயன் மகன் பூவராகவன், கிரேன் இயக்குநர்.

இன்ஸ்பெக்டர் பாஸைத் திருப்பி நீட்டினார். பூவராகவனோ அதை வாங்கவும் மறந்து அழுதுகொண்டிருந்தார்.

"அதான் முடிஞ்சிட்சே, இன்னும் ஏன்யா அழற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கம்பெனிக்காரனுங்க கேட் புக்குல எம்பேர எழுத மாட்டானுங்க சார். ஹைட்ரா கிரேன் ஒண்ணுன்னுதான் போடுவானுங்க. இவங்க எங்க நைனா பேரையும் சேத்து எழுதிக்கிறாங்களே!"