பனி ஊரில் வாசல் தெளித்தவர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். அப்பாவும் பள்ளிக்கூடங்களுக்குள் போயிருக்கிறார், சுவர் பூச. எங்கள் ஊர் உழவர்கரையில் அவர் பூசாத பள்ளிக்கூடம் குறைவு. நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆன பிறகு, என் பெயர் போட்ட அடையாள அட்டையை ஒரு நாள் இரவல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவரால் அதைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த எல்லோரிடமும் நீட்டி, "இன்னா எழுதியிருக்குது, சத்தமா படி" என்று கேட்டிருக்கிறார். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுத வேண்டுமென்றால் வேறு யாராவது எழுதட்டும்.

லே நகரத்து விமான நிலையத்தில் எங்கள் கம்பெனிக்கு நிரந்தரமாக ஒரு பொறியாளர் தேவைப்பட்டார். அதுவரை டெல்லியிலிருந்து ஆட்கள் முறை வைத்து வந்து சில வாரம் தங்கிப் போனார்கள். அங்கே விமானங்கள் காலையில்தான் வரும், போகும். பிற்பகலில் மலைக்காற்று எழுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வந்த விமானம் திரும்புவதற்குள் சக்கரம், பிரேக், கசிவு, இறக்கையில் உறைபனி எல்லாவற்றையும் பார்த்து, "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அங்கே ஒரே ஆள்தான். அந்த ஒரு ஆளாக இருக்க எனக்கு ஆசையாக இருந்தது.

என் கணவர் மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலேயே, இரு சக்கர வண்டி ஒர்க் ஷாப் வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஸ்பேனரைத் துடைத்து மாட்டிவிட்டு, அங்கே எங்கள் மகள் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். கடையை நண்பரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இத்தனை சுலபமாகவா என்று நானே சந்தேகப்பட்டேன்.

சொந்தக்காரர்கள் சுலபமாக விடவில்லை. வழியனுப்ப வந்த அவருடைய பெரியப்பா, எல்லோர் முன்னாலும், "பொண்டாட்டிக்கு ஏரோப்ளேன் வேல. மாப்ளைக்கு அங்க இன்னா வேல?" என்று கேட்டார்.

"சமையல் டிபார்ட்மெண்டு பெரியப்பா. ஹெட்டே நான்தான்" என்றார் இவர்.

சிரித்தார்கள். ஆனால் என் மாமியார் சிரிக்கவில்லை. மகனைத் தனியாகக் கூப்பிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிட வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். எதிர் வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தார். "இது பிரான்சு குளிரயே பாத்த கோட்டு. லடாக்கு எம்மாத்திரம்" என்றார். கோட்டு இவருடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது இதுதான்: ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்பது. முடியவில்லை என்றால் அவரும் பாப்பாவும் திரும்பிவிடுவது, நான் தனியாக இருந்து வேலையைத் தொடர்வது. வாயால் ஒத்துக்கொண்டேன். மனசுக்குள் எனக்குத் தெரியும், பாப்பாவை அனுப்பிவிட்டு அங்கே என்னால் இருக்க முடியாது. அவர்கள் திரும்பினால் நானும் திரும்புவேன். அந்த ஒற்றை ஆள் கையெழுத்து அத்தோடு போய்விடும். அவரிடம் இதை நான் சொல்லவில்லை.

செப்டம்பரில் போய் இறங்கினோம். மூச்சு பழகுவதற்காக முதல் இரண்டு நாள் யாரும் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். கடல் மட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். நோணாங்குப்பம் பாலத்தின் மேல் ஏறுவதுதான் பாப்பாவுக்கு அதுவரை தெரிந்த உயரம். அங்கே மாடிப்படி ஏறினாலே மூவருக்கும் நாய் போல இரைத்தது. வீட்டுக்காரம்மா கீழே இருந்தார், நாங்கள் பக்கவாட்டில் தனி வாசல் வைத்த இரண்டு அறைகளில். ஊர் வழக்கப்படி அவரை 'அமா-லே' என்று கூப்பிட்டோம், அம்மா என்பதுபோல. அவரிடம் இரண்டு மாடுகள் இருந்தன. எங்கள் அறையின் தகர அடுப்புக்கு அவரே வரட்டி கொடுத்தார். அந்த அடுப்பை அங்கே புகாரி என்கிறார்கள். குளிர் ஏற ஏற நாங்கள் அதைச் சுற்றியே வாழ்ந்தோம்.

நான் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அதனால் வீட்டுக் காலைகள் முழுதும் என் கணவருடையவையாகிவிட்டன. பாப்பாவைக் குளிப்பாட்டுவது, அதாவது துடைத்துவிடுவது, தோசை ஊற்றுவது, எல்லாம். மாவு புளிக்க அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பளி போர்த்தி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். வாசல் தெளிப்பதும் அவர்தான். மூலக்குளத்தில் அதை மாமியார் செய்வார்கள். நான் செய்ததே இல்லை. இவர் அந்த ஊருக்குப் போன முதல் வாரத்திலிருந்தே, யாரும் சொல்லாமல், எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைப் படியில் தெளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவார். கேட்டதற்கு, தெளிக்காத வாசலைத் தாண்டி நான் விமானத்துக்குக் கீழே போய் நிற்பது அவருக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் அந்தத் தண்ணீர் காய்ந்தது. அக்டோபரில் மெதுவாகக் காய்ந்தது. நவம்பரில் குழாயே உறைந்து, கேனில் தண்ணீர் சுமக்க ஆரம்பித்தோம். அப்போதும் ஒரு கை அள்ளித் தெளித்தார். அது பொரிபொரியாக உறைந்து கிடக்கும், காலால் தள்ளிவிட்டுப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று தாராளமாகத் தெளிக்க நினைத்திருக்கிறார். பச்சைத் தண்ணீர் உறைகிறது, வெந்நீர் உறையாது என்று கணக்குப் போட்டு, அடுப்பின் மேல் சூடாக இருந்த ஒரு குண்டான் தண்ணீரைப் படி முழுக்க ஊற்றிக் கழுவிவிட்டார். ஆவி பறந்ததாம், பார்க்கவே நன்றாக இருந்ததாம். நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஆவி போய்விட்டது. வெளியே கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. இருட்டில் காலை வைத்தேன். இரண்டு காலும் ஒன்றாக முன்னால் போய்விட்டன.

விமானத்தின் இறக்கையில் கண்ணுக்குத் தெரியாத உறைபனிகூட இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது என் தொழில். என் வீட்டுப் படியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். டெல்லியிலிருந்து மாற்று ஆள் வந்தார். மேலதிகாரி போனில் நல்ல விதமாகத்தான் பேசினார், ஆனால் குடும்பத்தோடு அங்கே சமாளிக்க முடிகிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பியபோது பாப்பா அமா-லேயின் மடியில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, நம்ம வாசலு கண்ணாடி ஆயிடுச்சு" என்றாள். அமா-லே படியைக் காட்டி, யார் தண்ணீர் ஊற்றியது என்று இந்தியில் கேட்டார். என் கணவர் வகுப்பில் கை தூக்குகிற பையன் போலக் கையைத் தூக்கினார். ஏன் என்றார் அவர். சுமந்து கொண்டுவந்த தண்ணீரை ஒரு மனுஷன் வெளியில் ஊற்றுவது அவருக்குப் புரியவே இல்லை. இவர் தன் அரைகுறை இந்தியில், லட்சுமி வருவாள் என்றார். லட்சுமி யார் என்று நான் விளக்கினேன். அமா-லே படியை ஒரு தடவை பார்த்தார்.

"வந்திருந்தால் அவளும் விழுந்திருப்பாள்" என்றார். பிறகு தானே சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை.

அமா-லே உள்ளே போய்த் தன் அடுப்புச் சாம்பலை ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்து எங்கள் படி முழுக்கக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனார். சாம்பல் மேல் கால் வழுக்காது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு வீட்டு வாசலில் சாம்பலைக் கொட்டினால் தெருவே சண்டைக்கு வந்துவிடும். என் கணவர் துடைப்பத்தை எடுத்து, சாம்பலைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளினார். மறுநாள் காலை அமா-லே வந்து பார்த்துவிட்டு, ஏதோ மறதியாக விட்டுப்போனது என்று நினைத்து, மறுபடி ஒரு டப்பா கொட்டினார். இவர் மறுபடி கூட்டினார். இப்படியே சில நாள் போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து 'ஜூலே' என்று வணக்கம் சொல்லிக்கொண்டே இதைச் செய்தார்கள்.

ஒரு மத்தியானம், எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, டிக்கெட் போட்டுவிட்டேன் என்றார். அவருக்கும் பாப்பாவுக்கும். அடுத்த வாரம்.

"என்னாலதான கைய ஒடச்சிக்கின. நா இங்க ஒனக்கு ஒத்தாசையா வந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். இது ஒத்தாசையா? நீ தனியா இருந்தா பத்திரமா இருப்ப" என்றார்.

வலது கை நன்றாகத்தான் இருந்தது. நானே சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் ஊட்டுவதை நான் தடுக்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. அப்போதுதான் இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னேன்.

"நீங்க போனா நானும் வந்துடுவேங்க."

"நீ ஏன் வர்ற? வேல?"

"போவும்."

"இவ்ளோ படிச்சது?"

"படிச்சது எங்கயும் போவாது. வேலதான் போவும்."

தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கோட்டு போடாமல் போனார். கதவு முழுசாக மூடவில்லை, அவர் அம்மாவுக்குப் போன் செய்து பேசுவது கேட்டது. வருகிற தேதியைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. குளிரைப் பற்றிச் சொன்னார், என் கையைப் பற்றிச் சொன்னார். கடைசியில், ரொம்ப நேரம் தயங்கி, வீட்டுக்காரம்மா தினமும் வாசலில் சாம்பல் கொட்டுவதைப் புகாராகச் சொன்னார். மாமியார் காது சரியாகக் கேட்காமல் கத்திப் பேசுவதால், இவர் போனைக் காதில் வைக்காமல் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். மாமியாரின் குரல் மூலக்குளத்திலிருந்து லே வரை வந்தது.

"இன்னா சாம்பலு? வெறகா, கரியா?"

"வரட்டிம்மா. அவங்க மாட்டு வரட்டி."



"அட கிறுக்கா. மாட்டு வரட்டி சாம்பலுன்னா அது துன்னூறுடா. வாசல்ல துன்னூறு போடுற புண்ணியவதி மேலயா கொற சொல்ற? நெத்தில கொஞ்சம் வெச்சிக்கினு மிச்சத்த நீயே எடுத்துப் போடு."

இவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மகனைத் திருப்பி வரவழைக்க வாக்கு வாங்கியவர் என் மாமியார்தான். அன்று அவர் என்ன செய்தார் என்று அவருக்கே தெரியாது. நான் இன்றுவரை நன்றி சொல்லாத நாளில்லை. அவரோ, ஊருக்குப் போகும்போதெல்லாம், எதற்கு இவள் கால் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் முழிக்கிறார்.

மறுநாள் காலை கரண்டி சுரண்டும் சத்தத்தில் எழுந்தேன். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து புகாரியின் அடியிலிருந்து சாம்பலை வழித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தது. பாப்பா நெற்றியிலும். இரண்டு பேரும் வெளியே போய்ப் படி முழுக்கத் தூவினார்கள். பிறகு அமா-லேயின் படிக்கும் போட்டார்கள். பிறகு, எனக்கு வண்டி வந்து நிற்கும் இடம் வரைக்கும், தெருவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் போட்டுக்கொண்டே போனார். மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிற எனக்கு அன்று எந்த வண்டியும் வரப்போவதில்லை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அமா-லே டப்பாவோடு வெளியே வந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

டிக்கெட்டை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த நாள் வந்தது. காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர், விமானச் சத்தம் கேட்டதும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எங்களை முற்றத்துக்குக் கூப்பிட்டார். விமானம் பள்ளத்தாக்கைச் சுற்றி வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு இன்ஜினும் ஒரே சீராகக் கேட்டது. பாப்பா யாருக்கென்று தெரியாமல் கையாட்டினாள்.

"அதுல ரெண்டு சீட்டு காலி" என்றார்.

பிறகு, தோசை கருகுகிறது என்று உள்ளே ஓடினார்.