கதவை உடைத்த ஏட்டம்மா

ஏட்டம்மா ரோந்துக்கு வந்தால் வண்டிக்கு சைரனே வேண்டாம் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். அப்படி ஒரு தொண்டை. பாதிச் சண்டைகள் அவர் போடும் அதட்டலிலேயே அடங்கிவிடும்.

அன்று மத்தியானம் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. மாடி வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான், கையில் கத்தி இருக்கிறது. போன் செய்தது கீழ்வீட்டுக்காரி.

படியேறும்போதே அலறல் கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"போலீஸ்! கதவைத் திற!"

"உள்ள வந்தீங்க, இவளை அறுத்துப் போட்டுருவேன்!"

கூட வந்த போலீஸ் டிரைவர் ஏட்டம்மா கையைப் பிடித்தார். "அக்கா, இன்னொரு வண்டி கிளம்பிடுச்சு. நாம ரெண்டே பேரு. பொறுங்க."

உத்தரவும் அதுதான். அவள் கத்துகிறவரை உயிரோடு இருக்கிறாள். கதவை உடைத்தால் அவன் சொன்னதைச் செய்துவிடலாம். ஏட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தணித்தார். "ஏம்பா, எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்பா."

திடீரென்று அலறல் நின்றது.

"இனி என்னத்தப் பொறுக்கிறது? மோதுங்க!"

இரண்டு பேரும் தோளால் மோத, தாழ்ப்பாள் தெறித்தது. சமையலறைத் தரையெல்லாம் ரத்தம். அவள் மார்பில் முழங்காலை ஊன்றி, ஒரு கையில் கத்தியோடு மறு கையால் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். டிரைவர் துப்பாக்கியை உருவினார்.

"சுடாதீங்க! அவ மேல பட்டுரும்!"

ஏட்டம்மா பாய்ந்தார். கத்தி அவர் முன்கையைக் கிழித்தது. லத்தியால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டார். எலும்பு முறிந்தது, கத்தி விழுந்தது. அவன் சுருண்டான். அப்புறமும் அடித்தார். முகத்தில். டிரைவர் இடுப்பைக் கட்டி இழுத்த பிறகுதான் கை நின்றது.

அவள் மூச்சு திரும்பி வந்தது, விசில் மாதிரி.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "ஏன் காத்திருக்கல?"

"சத்தம் நின்னுடுச்சு சார். அதுக்கு மேல காத்திருந்தா பொணத்தைத்தான் எடுத்திருப்போம்."

"சரி. அவன் விழுந்தப்புறம் எதுக்கு அடிச்சீங்க?"

பக்கத்திலிருந்த டிரைவர், "அவன் எந்திரிக்கப் பார்த்தான் சார்," என்று முந்திக்கொண்டார்.

ஏட்டம்மா தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்தார்.

"இல்ல சார். அவன் அசையவே இல்ல. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கல."

லத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். ஏட்டம்மா மறுநாளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.