ரேசருக்கு ஒரு மரப்பிடி

பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு நான்தான் சவரம் செய்துவிட்டேன். கன்னத்தில் கை வைத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"பொணத்துக்குத்தான்டி அடுத்தவன் வழிச்சு விடுவான்" என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. "அப்ப நீங்களே வழிச்சுக்குங்க, எனக்கென்ன வந்துச்சு" என்று ரேசரை அவர் வலது கையில் திணித்தேன். அவர் பிறவியிலேயே இடதுகைக்காரர். முப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டியதும் அந்தக் கையால்தான். வலது கையில் அந்த ஒல்லிப் பிளாஸ்டிக் ரேசர் நிற்கவில்லை, நழுவி மடியில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசிய நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது எனக்கு.

கை நிறையப் பிடிக்கிற மாதிரி தடிமனான மரப்பிடி இருந்தால் அவரே செய்துகொள்வார் என்று தோன்றியது. மரத்துக்கா பஞ்சம்? ஆனால் தோட்டத்தில் பிறந்தவளுக்கு மரம் என்றால் விறகுதான். எது சீக்கிரம் பற்றும், எது புகையாது, அவ்வளவுதான் தெரியும். வெந்நீர் அடுப்புக்கு அடுக்கியிருந்ததில் நன்றாகக் காய்ந்து லேசாக இருந்த ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ரிங்லெட் டவுனுக்குப் போனேன்.

அங்கே மேசை நாற்காலி செய்கிற பட்டறைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, அடுப்பெரிக்கவா கொண்டாந்தீங்க? இது தண்ணிய குடிச்சு உப்பிரும்லா. ஒரே மாசத்துல வெடிச்சு கையக் கிழிச்சிரும். கனமா, இழை நெருக்கமா உள்ள மரமா கொண்டாங்க."

மேல் மலையில் பழைய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தேயிலைத் தூரைக் கேட்டு வாங்கினேன். கல் மாதிரி கனம். அவரே பல வருஷம் வெட்டிய செடியாகக்கூட இருக்கலாம். அவசரப்பட்டு அடுப்பு மேல் வைத்துக் காயவைத்தேன்; நெடுக வெடித்துப் போனது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டாவது தூரைக் காகிதத்தில் சுற்றி, கட்டிலுக்கடியில் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தேன். இந்த மழையிலும் பனியிலும் எதுதான் சீக்கிரம் காய்கிறது? "காஞ்சிருச்சா?" என்று தினமும் கேட்பார். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு என் கைக்கு முகத்தைக் கொடுத்தார்.

பட்டறைக்காரர் தூரைக் கடைந்து, ரேசர் தலையைப் பொருத்தி, மெழுகு ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் நான் முகத்தில் நுரை தடவிவிட்டதும், என் வீட்டுக்காரர் கண்ணாடி முன் அரை மணி நேரம் உட்கார்ந்தார். பிடி நழுவவே இல்லை. ஒரு கீறல் இல்லை. துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எப்படிடி இருக்கு? இனிமே நீ வேணாம்லா!"

வலது கன்னம் பளபளவென்றிருந்தது. இடது கன்னத்தில் நரைமுடியும் நுரையும் அப்படியே இருந்தன. அவ்வளவு நேரம் கண்ணாடியைப் பார்த்தும், பக்கவாதம் அடித்த அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அவர் புத்திக்கு எட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டில் இடது பக்கச் சோறு ஏன் தினமும் மிஞ்சியது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கும் அவரைத் திட்டியிருக்கிறேனே, பாவி.

"மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க" என்றேன். நுரையை மட்டும் துடைத்துவிட்டேன்.

மத்தியான மாத்திரை போட்டால் அசந்து தூங்கிவிடுவார். அப்போது ஈரத்துணியால் ஒத்தி, இடது பக்கத்தை நான் மெதுவாக வழித்துவிடுகிறேன். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் நான் செய்கிற ஒரே காரியம் அதுதான்.