சாலைக்குப் போன மாடிப்படி

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். வத்தலக்குண்டு பஸ்ஸும் செம்பட்டிப் பக்கமிருந்து வரும் காய்கறி லாரியும் எங்கள் வாசலில்தான் தினமும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஹாரன் சத்தத்தால்தான் எனக்கு வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

சுவரில் சிவப்புக் கோடு போட்டவர்கள் எங்கள் மாடிப்படியையும் சேர்த்துச் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசலை ஒட்டி வெளியே ஏறும் படி அது. மேலேதான் நாங்கள் படுக்கும் அறை. வீட்டின் மறுபாதி பெரியப்பாவுடையது. அவர்கள் படி உள்ளே இருந்ததால் தப்பித்தது. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. பின்பக்கம் கிணற்றடியில் இருக்கும் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி யாருக்கு என்று ஏதோ சண்டை. மொட்டைமாடியில்கூட நடுவே சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள்.

ஜேசிபி வந்தது. நாலு இடியில் படி உட்கார்ந்துவிட்டது. நான் கைதட்டினேன், அம்மா முறைத்தாள்.

சாயங்காலம் அப்பா எங்கிருந்தோ ஒரு மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு பாதி ஏறி, "என்னால ஏலாது சாமி" என்று இறங்கிவிட்டாள்.

பக்கத்து வாசலில் நின்ற பெரியப்பா என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏத்தா, ஒங்கப்பன்ட்ட சொல்லு. விழுந்து இடுப்ப ஒடிச்சா ஆஸ்பத்திரிக்கு நாந்தேன் தூக்கணும். எங்க படியில ஏறிக்கிறச் சொல்லு."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற அப்பாவும் என்னிடமே சொன்னார்: "ரெண்டு நாளைக்குத்தேன்னு சொல்லு."

கடமை தவறாமல் இரண்டையும் ஒப்பித்தேன்.

மறுநாள் மொட்டைமாடிச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்குச் செங்கற்கள் உருவப்பட்டிருந்தன. ரெண்டு நாள் என்பது மழை முடியட்டும் என்று ஆனது. பிறகு கிறிஸ்துமஸ் போகட்டும் என்று ஆனது. படுக்கப் போகிறவர்களைப் பெரியம்மா, "செத்த நேரம் உக்காருங்க" என்று பிடித்துவைப்பார். மாடிக்குக் கிளம்பிய அப்பா பாதி வழியிலேயே பெரியப்பாவோடு டிவி ரிமோட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கேயே கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மூளையில் பொறி தட்டியது. "எதுக்கு தெனம் இவுக வீட்டு வழியாப் போகணும்? கிணத்தடியில அம்புட்டு எடம் கெடக்கே! இரும்புப் படி வச்சா ஒரே நாள்ல வேலை முடிஞ்சுரும்ல?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியப்பா குனிந்து எலும்பைக் கடித்தார்.

அப்பா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "அங்கன மண்ணு லேசு. படி நிக்காது."

எட்டிப் பார்த்தேன். அதே மண்ணில்தான் அந்தச் சிமெண்ட் தொட்டி, தண்ணீர் தளும்பத் தளும்ப, அசையாமல் நின்றிருந்தது.

நம் அப்பாவுக்குக் கட்டட வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்துக்கொண்டேன்.