சனிக்கிழமைக் காதுகுத்து

என் தம்பி பாண்டிச்செல்வம் பதினோரு வருடம் சினிமா தியேட்டருக்குள் திரைக்கு முதுகைக் காட்டி நின்றவன். படம் பார்ப்பது அவன் வேலை இல்லை. படம் பார்க்கிறவர்களை எண்ணுவதுதான் வேலை. மதுரையில் இருக்கும் விநியோகஸ்தர் வெளியூர்த் தியேட்டர்களுக்குப் படம் கொடுக்கும்போது, விற்ற டிக்கெட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும் தலையும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு ஆளை அனுப்புவார். ரெப்ரசென்டேடிவ் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக ரெப்பு. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு விநியோகஸ்தருக்கு என் தம்பிதான் ரெப்பு.

நான் எட்டாவதோடு நின்றவள். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் மேஜையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அவனைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது நான்தான். அதனால் நான் சொல்வதில் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். நாளும் நேரமும் மட்டும் சரியாக இருக்கும்.

அவனுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தமிழ் பேசும் இங்கிலீஷ் படங்கள். முகமூடி போட்டவன், பறக்கிறவன், ஒரு கையால் பாலத்தைத் தாங்கிப் பிடிக்கிறவன் என்று சூப்பர்ஹீரோ படங்களாக வரும். 2013-ல் அவன் சேர்ந்தபோது அந்தப் படங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று நாள்தான் ஆயுசு. முதல் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அறுபத்து மூன்று பேர் வந்ததாகச் சொன்னான். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பாமார் வந்தார்கள். கடைசியில் மில்லுக்குப் போகிற பெண்களும் வந்தார்கள். 2019 கோடையில் ஒரு படம் எட்டு நாள் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லாமல் ஓடியது. எங்கள் கம்பெனியிலிருந்து பதினான்கு பேர் போனோம். கதாநாயகனின் தோளில் காயம் பட்டு, கதாநாயகி கட்டுப் போடுகிற இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எங்கள் வரிசை மட்டும் சிரித்தது. அப்படிச் சுற்றினால் அந்தக் கட்டு அரை மணி நேரம்கூட நிற்காது.

தலையை எண்ணுவதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் எத்தனை பேர் எழுந்து வெளியே போகிறார்கள் என்றும் எழுதி வைப்பான். சண்டை நடக்கும்போதுதான் அதிகம் பேர் எழுந்து போவார்கள் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2017-ல் வந்த ஒரு படத்தில் ஊரை அழிக்கப்போகிற வில்லன், படுத்துக் கிடக்கும் தன் மகனுக்குக் கஞ்சி ஊட்டுவான். ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் நான்கு காட்சியிலும் ஒரு ஆள்கூட எழவில்லையாம். கேன்டீன்காரர் முறுக்குத் தட்டோடு நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாராம். அந்த நடிகரின் பெயர் இவனுக்குத் தெரியாது. முகத்தைக்கூடத் திரும்பி அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறான். ஆனால் படத்தை இன்னும் ஒரு வாரம் விடுங்கள் என்று மதுரைக்குச் சொன்னான், படம் ஓடியது. அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலாளியே அவனுக்குப் போன் செய்து, ஊர் என்ன சொல்கிறது என்று கேட்பார்.

கொரோனாவுக்குப் பிறகு கூட்டம் பழையபடி திரும்பவில்லை. ஏன் என்று அவனைக் கேட்டேன்.

"செத்தவன் எல்லாம் அடுத்த படத்துல திரும்ப வந்துருதான்க்கா. பொறவு எவன் பயந்துக்கிட்டு உக்காந்து பாப்பான்?" என்றான்.

ரெப்புக்குச் சொத்து என்று இருப்பது பெயர் ஒன்றுதான். தியேட்டர்காரன் ஆள் என்று ஒரு தடவை பேச்சு வந்துவிட்டால் மதுரையில் எந்த ஆபீசும் அவனை வாசல்படி ஏற்றாது. அதனால் அவன் தியேட்டரில் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. காசு கொடுத்து வெளியே போய்த்தான் குடிப்பான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தியேட்டரின் மேனேஜர் லிங்கேஸ்வரன் முதலில் இதைக் கேலி செய்தார். பிறகு, செல்வத்தை மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொன்னார். இருவருக்கும் ஒரே வயது. ஒன்பது வருடப் பழக்கம்.

போன வருடம் அந்த லிங்கேஸ்வரன் சேத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி முனீஸ்வரியையும் மூன்று வயது மகள் சிவரஞ்சனியையும் அழைத்து வந்திருந்தார். பிள்ளைக்கு மொட்டை எடுத்துக் காது குத்த வேண்டும். முனீஸ்வரிக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை வைத்துக் காது குத்த வேண்டும். அந்த இடத்தில் என் தம்பி உட்கார வேண்டும் என்று கேட்டார்கள். முனீஸ்வரி கண் கலங்கி, "அண்ணே, மாட்டேன்னு சொல்லிராதீக" என்றாள்.

டீ வேண்டாம் என்று சொல்லலாம். இதை எப்படி வேண்டாம் என்று சொல்வது?

தேதியைச் சொன்னதும் நான் கேட்டேன், சனிக்கிழமையிலா காது குத்துவார்கள் என்று. எல்லோருக்கும் லீவு நாள் என்றார் லிங்கேஸ்வரன். தம்பிக்கு வேறு தயக்கம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் ஒரு பெரிய சூப்பர்ஹீரோ படம் வருகிறது. புதுப்படம் வந்தால் முதல் மூன்று நாளும் அவன் தியேட்டர் மாடி அறையிலேயே தங்கிவிடுவான். காலையில் போய்விட்டுப் பதினொரு மணிக் காட்சிக்கு வந்துவிடலாமே என்றார் லிங்கேஸ்வரன். அப்போதும் தம்பி யோசித்தான்.

"ஏலே, ஒரு பொம்பளை அண்ணன்னு கூப்புட்டுட்டா. காலைல ரெண்டு மணி நேரத்துல தியேட்டரு எங்கயும் ஓடிறாது" என்றேன். சொன்னது நான்.

சீர்த்தட்டு ஏழு வைத்தேன். கம்மல், பட்டுப்பாவாடை, மாலை, பழம் எல்லாம் நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். சுந்தரபாண்டியத்தில் அவர்கள் குலதெய்வக் கோவிலில் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டோம். என் தம்பிக்கு மாலை போட்டு, தலையில் உருமா கட்டி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்து அழுதது. ஆசாரி காது குத்தி முடித்தபோது மணி ஒன்பதே முக்கால். சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தான். மாமன் சாப்பிடாமல் பந்தி எழக்கூடாது என்று லிங்கேஸ்வரன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நான் அதைப் பார்த்துப் பூரித்தேன்.

அவன் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. உள்ளே பெருக்கிக் கழுவி, பினாயில் வாசனையோடு இருந்ததாம். பெரிய படம் என்பதால் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். அன்று நான்கு காட்சி என்று எழுதிய தினசரி அறிக்கையில் இரவு வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டான்.

அன்று நடந்தது ஐந்து காட்சி. காலை ஏழரை மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, அரங்கு நிறைய உட்கார்ந்து படம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் தப்பு இல்லை. அவர்கள் ஒழுங்காகப் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பணம்தான் மதுரைக் கணக்குக்குப் போகவில்லை. காகித முகமூடி மாட்டிக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்று எடுத்த போட்டோவை நாள், நேரம் எல்லாம் போட்டு ஃபேஸ்புக்கில் சந்தோஷமாக வெளியிட்டிருக்கிறார்கள். புதன்கிழமை அது மதுரைக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை மதுரை முதலாளி நேராகத் தியேட்டர் ஆபீசுக்கே வந்தார். தம்பி என்னையும் வரச் சொன்னான், காதுகுத்தில் நானும் கூட இருந்தவள் என்பதற்காக. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மேஜை மேல் போட்டோவும் அறிக்கையும் இருந்தன. முதலாளி முதலில் லிங்கேஸ்வரனைத்தான் கேட்டார். லிங்கேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மச்சான்கிட்ட சொல்லிட்டுத்தான் அந்த ஷோ போட்டோம்."

என் தம்பி அவரைத் திரும்பிப் பார்த்தான். அவன் பேசமாட்டான் என்று தெரிந்ததும் நான் பேசினேன். காதுகுத்து வீடியோவை முனீஸ்வரி எனக்கு அனுப்பியிருந்தாள். அதைப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். எட்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் இவன் சுந்தரபாண்டியத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறான், இங்கே நடந்தது இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். பிள்ளை மடியில் உட்காருவதையும், லிங்கேஸ்வரன் தோளைப் பிடிப்பதையும் இரண்டு தடவை பார்த்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்.

"மாமன் மச்சான் ஆயிட்டீக. பொறவு நான் எதை வச்சு நம்ப? ஷோ நடக்கும்போது நீ ஒதுங்கிப் போயிருக்கன்னுதான இது சொல்லுது?"

அவனைக் காப்பாற்றும் என்று நான் கொண்டுபோனதுதான் அவனைக் கவிழ்த்தது. அறிக்கையில் இருப்பது உன் கையெழுத்துதானே என்று கேட்டார். என்னுதுதான் என்றான் தம்பி. அதோடு முடிந்தது. தியேட்டரில் நஷ்டத்துக்கு ஏதோ பேசித் தீர்த்துக்கொண்டார்களாம். லிங்கேஸ்வரன் வேலையில் இருந்தார். என் தம்பிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. வேறு நான்கு ஆபீசில் கேட்டுப் பார்த்தான். நான்கிலும் அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லிங்கேஸ்வரன் முனீஸ்வரியோடும் பிள்ளையோடும் வந்தார். நான் வாங்க என்று சொல்லவில்லை. அவரே உள்ளே வந்து உட்கார்ந்தார். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற இடத்தில் ஆள் வேண்டும், மச்சான் வந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

தம்பி கேட்டான், "வேலை வேண்டாம். மதுரைக்கு ஒரு போன் போட்டு நடந்தத சொல்லுவியா?"

லிங்கேஸ்வரன் கையைப் பிசைந்தார். "என் வேலை போயிரும் மச்சான்."

"என் வேலை போயிருச்சே."

"நீ ஒத்தக்கட்டை. எனக்குப் புள்ள இருக்குல்லா?"

முனீஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தப் போன், என்ன நடந்தது என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தம்பி தானாகவே வேலையை விட்டுவிட்டான் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஏன் சனிக்கிழமை என்று உன் வீட்டுக்காரரைக் கேள் என்றேன் நான். தம்பி என்னைக் கையமர்த்தினான்.

"முனீஸு, புள்ளைக்கு நான் மாமன்தான். பெரியவளாகி ஒக்காரும்போதும் சீர் வரும், கல்யாணத்துக்கும் வரும். இதுக்கு மேல இவன் என்ன மச்சான்னு கூப்புடக் கூடாது. ஏலே லிங்கா, எந்திரி."

லிங்கேஸ்வரன் எழுந்தார். தெருமுனை வரை முனீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பைக்கில் ஏறச் சொன்னபோது ஏறவில்லை. டவுன் பஸ் வரும் வரை தள்ளி நின்று, அதில் ஏறிப் போனாள். அவர் பைக்கில் பின்னால் போனார்.

எட்டு மாதம் ஆகிறது. அந்தப் போன் இன்னும் போகவில்லை. தம்பி இப்போது மில்லில் நூல் கோன் பேக்கிங்கில் இருக்கிறான். போன மாதம் முனீஸ்வரி பிள்ளையை மட்டும் அழைத்து வந்தாள். அவன் பிள்ளையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். நான் முனீஸ்வரிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அந்தச் சனிக்கிழமை அவனை அனுப்பி வைத்தது நான்தானே.