கருப்பு என்று கொடுத்துவிட்ட குஞ்சுகள்

என் ஓரகத்தி கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்படலாம்.

ஒரே வீடு, மாடியில் நான், கீழே அவள். நான் தையல்காரி. அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். பட்டன் தைக்கத் தெரியாது, சமைத்தால் உப்பு மறந்துபோகும். ஆனால் தொட்டது துலங்கும் கை. பட்டுப்போச்சு என்று நான் பிடுங்கி எறிந்த ரோஜாக் குச்சியை ஓட்டை பக்கெட்டில் செருகினாள். அது இன்றைக்கும் வெட்கமில்லாமல் பூக்கிறது.

கோழியிலாவது நான் முந்தவேண்டும் என்று நினைத்தேன். நான் வளர்ப்பது சில்க்கி. அதன் இறகு பிரித்துப் போட்ட பஞ்சு மாதிரி இருக்கும். வெள்ளையும் கருப்பும் எல்லாரிடமும் உண்டு. எனக்கு லாவண்டர் வேண்டும், சாம்பலில் துளி ஊதா கலந்த நிறம். எங்கள் பக்கத்தில் யாரும் அதைப் பொரிக்க வைத்ததில்லை. அலையாய் அலைந்து ஒரு லாவண்டர் சேவல் வாங்கி, என் கருப்புப் பெட்டையோடு விட்டேன்.

அடைவைத்த இருபத்தோராம் நாள் ஆறு குஞ்சு. ஆறும் கன்னங்கரேல். அப்பன் நிறம் ஒன்றில்கூட இல்லை. வெறுத்துப்போய்ச் சேவலைக் கைமாற்றிவிட்டேன். குஞ்சுகளைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கீழே கொண்டுபோனேன்.

“வெறும் கருப்புதான். உனக்கு இது போதும், வச்சுக்க.”

“நிஜமாவாக்கா? ஆறுமா?”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டே மாடியேறினேன்.

எது சேவல், எது பெட்டை என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கூண்டில் வளர்த்தாள். அடுத்த வருஷம் ஒருநாள் காலையில் கீழிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, வந்து பாருங்களேன். ரெண்டு குஞ்சு மட்டும் அழுக்கா பொறந்திருக்கு. வியாதியா இருக்குமோ?”

அழுக்கா அது? லாவண்டர். வாய் தானாகப் பேசியது.

“வியாதி மாதிரிதான் தெரியுது. எதுக்கும் என்கிட்ட விட்டுடு, நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? உங்க கோழிக்கும் ஒட்டிக்கும். நானே யார்கிட்டயாவது காட்டறேன்.”

சாயங்காலம் அதே செருப்புப் பெட்டியோடு மேலே வந்தாள்.

“வியாதி இல்லையாம்க்கா, நல்லவேளை. லாவண்டராம். தாய் தகப்பன் ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வெளிய தெரியுமாம். நீங்க குடுத்த கருப்பு ஒவ்வொண்ணுலயும் அது ஒளிஞ்சிருந்துச்சாம். அண்ணன் தங்கச்சி சேர்ந்ததுல வந்திருக்குன்னு கோழிக் கடைக்காரர் சொன்னாரு.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள்கூடப் பரவாயில்லை. நான் வெண்ணெயைத் தானம் செய்தவள்.

“ரெண்டுல பெருசு உங்களுக்கு. காலைல நீங்கதான் எனக்கு மேல பயந்துட்டீங்க, பாவம்.”

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். இல்லை; வாங்கிக்கொண்டேன்.

இப்போது அது என் கூண்டில் கொழுகொழுவென்று நிற்கிறது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, “உங்க ஓரகத்தி பொரிக்க வச்சதாமே” என்கிறார்கள். இதன் தாத்தா சேவல் என்னுடையது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால், குஞ்சுகளை ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள்.

“ஆமா, அவ கை ராசி” என்று சொல்லிவிட்டு அளவெடுக்கிறேன்.