வெடி ஊசி என்று பெயர் வைத்தவர்

காத்தான்குடித் துணிக்கடையில் சாரம் மடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி சொன்னார்: "புள்ள, புளியந்தீவு டொக்டரம்மா மௌத்தாம்." "ஓம் நானா" என்றுவிட்டு அடுத்த சாரத்தை எடுத்தேன். சாவுச் செய்தி கேட்டும் அழுகை வரவில்லை.

பிள்ளையில்லாதவர்களுக்கு அவர் தெய்வம் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அவர் கைபட்டுப் பெற்றவர்கள் அப்படிச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்போடு நின்று, அவருடைய கிளினிக்கில் நம்பர் துண்டு கொடுத்த நான் வேறொன்றையும் பார்த்தேன்.

கருமுட்டையை முற்றவைத்து வெளியே விடும் ஊசிக்கு அவர் வைத்த பெயர் "வெடி ஊசி". "முட்டை வெடிக்கவேணுமெல்லா, அதுக்குத்தான்" என்பார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று எல்லோருக்கும் போடுவது. மற்றது, உடம்பே தன் சுரப்பை விடும்படி மூளையைத் தூண்டுவது.

தன்னாமுனையில் இருந்த என் அக்காவை ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரேயொரு முட்டைதான் வந்திரிக்கு. உனக்கு ஒரு ஊசி காணாது, ரெண்டையும் சேத்துப் போடுவம். ஆனா ராவைக்குத்தான் போடவேணும்."

"அப்ப இண்டைக்கு இஞ்சயே படுக்கட்டா, டொக்டர்? தங்கச்சியும் நிப்பா."

"இதென்ன லொட்ஜா, புள்ள? ஐஸில வெச்சுக் கொண்டு போ. உங்கட ஊர் நேர்ஸ் போடுவா."

நானும் கூடப் போனேன். அது சண்டைக் காலம். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் பிளாஸ்க்கில் என்ன என்று கேட்டார்கள். அக்காவுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். "வெடி ஊசி" என்றாள். சிங்களத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. பிளாஸ்க்கைப் பறித்துக்கொண்டு எங்களை விடியும்வரை இருத்தி வைத்தார்கள். ஊசி போடும் நேரம் தப்பிவிட்டது.

மறுநாள் அவர் மற்றப் பெண்களுக்கு முன்னால் சிரித்தார். "சாவடியில போய் வெடி எண்டு சொன்னவளப் பாருங்க. சரி புள்ள, அடுத்த மாசம் பாப்பம்." அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த மாதம் முட்டை வளரவில்லை. பிறகும் இல்லை. ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "உன்ட வயசுக்கு அந்த ஒரு முட்டைதான் கடைசியா இரிக்கும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

ஊசியைத் தெரிந்தெடுத்ததில் அவர் பிழைவிடவில்லை. கடைசி என்று தெரிந்தும் ஒரு இரவு படுக்கக் கிளினிக்கில் ஒரு வாங்குப் பலகைகூடத் தரவில்லை. அதைத்தான் சொல்கிறேன். எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

செத்த வீட்டுக்கு அக்கா மாலையோடு போனாள். "பாவம், நல்ல மனுசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் மன்னித்துவிட்டாள். அவளுடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.